உப்பு ஊற்றுக்குக் கற்பூரம் காட்டிய கதை

போன மாதம் உங்கள் பயிற்சி முகாமுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'பணி அனுபவங்கள், இருபது நிமிடம்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வை, வரவேற்புரை சொன்னவருக்கே ஒரு சால்வை என்று அந்த இருபதில் பதினெட்டு போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தில் 'நேர்மையாக உழையுங்கள்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் எல்லாரும் பலமாகக் கை தட்டினீர்கள். அடுத்தது டீ என்பதால் தட்டினீர்கள், எனக்கும் தெரியும்.

சொல்ல நினைத்ததை அதனால் எழுதி அனுப்புகிறேன். நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் திட்ட அறிக்கையின் முன்னுரையைவிடச் சின்னதுதான்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல வேலை. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழிக்கும் நெல் வயல்களுக்கும் நடுவில் கிடக்கிற ஏரிகளை உப்பிலிருந்து காப்பாற்ற வேண்டும். அதற்காக டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள், முதுகில் திட்டத்தின் பெயர் போட்ட சட்டை கொடுத்திருக்கிறார்கள், ரப்பர் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். இதில் பூட்ஸ் மட்டும் உபயோகமான பொருள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விஷயம் ரொம்ப எளிது. மேற்கே நிலங்களில் விழுகிற மழை, வரத்துக்கால்வாய் வழியாக ஏரிக்கு வர வேண்டும். ஏரியில் நல்ல தண்ணீர் நிறைந்து நின்றால் அதன் கனத்துக்கு அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வராது. மேற்கே நிலம் பாழாகிக் கால்வாய் அடைந்துபோனால் ஏரி இளைக்கும், உப்பு ஏறும். அதனால் ஏரியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஏரிக்கு மேலே இருக்கும் மானாவாரிக் கொல்லைகளில்தான் வேலை செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு மூன்று நாள் வகுப்பும் நானூறு படங்களும் தேவைப்பட்டன. எனக்கு ஒரு ஏரியைக் கெடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஏரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு முன்னால் மனை விற்கிறவர்கள் போய் நிற்பார்கள். ஊருக்கு மேற்கே தொழிற்சாலைகள், கிழக்கே கழி, நடுவில் ஏரி. ஏரிக்கு மேலே வேர்க்கடலை போடுகிற கொல்லை, கீழே நெல். மழைக்காலம் முடிந்ததும் வாத்துகளும் நாரைகளும் வந்து இறங்கும். அந்தப் பகுதிக்கு நான்தான் பொறியாளர். ஒப்பந்தக்காரர் என்னிடம் பேச வேண்டியதை என் ஜீப் டிரைவரிடம் பேசுவார், டிரைவர் என்னிடம் சொல்வார். பெண் பொறியாளரிடம் நேராகப் பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ.

ஒரு கோடையில் மேலிருந்து உத்தரவு வந்தது. ஏரியை ஆழப்படுத்திக் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு அந்த ஏரியின்மேல் திடீரென்று அப்படி ஒரு பாசம் வந்தது. வெட்டுகிற மண்ணுக்குத் தொழிற்பேட்டையில் ஆள் வரிசையில் நின்றது. பள்ளமான இடத்தை வாங்கி, மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்புகிறவர்கள். எங்கள் ஏரி எவ்வளவு இறங்குகிறதோ அவர்கள் இடம் அவ்வளவு ஏறும்.

ஆழப்படுத்தும் முன்னால் ஏரித் தரையில் அங்கங்கே சோதனைக் குழி எடுத்து, களிமண் எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டும். அந்தக் களிமண்தான் ஏரிக்கு அடித்தட்டு. அது ஓட்டையானால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும். நான் ஐந்து குழி எடுத்தேன். ஐந்தும் மேற்குப் பக்கம். காரணம், ஜீப் அதுவரைக்கும்தான் போகும். கிழக்குப் பக்கம் முழங்கால் சேறு. அன்று மதியம் கோட்ட அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசார விழா, நான் பட்டுப்புடவையில் வந்திருந்தேன். பட்டுப்புடவையோடு சேற்றில் இறங்க மனசு வரவில்லை. வரைபடத்தில் மட்டும் ஐந்து புள்ளிகளையும் ஏரி முழுக்கப் பரவலாக வைத்தேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது, மேலதிகாரிகூடப் பாராட்டினார். உங்களுக்குப் பூட்ஸ் கொடுத்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வெட்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் கோவிந்தம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். ஏரிக்கு மேலே ஒரு ஏக்கர் கொல்லை, கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை. புருஷன் இல்லை. பையன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. டிரைவரைச் சுற்றிக்கொண்டு வராமல் நேராக என்னிடம் வந்த முதல் ஆள் அவர்.

"மேடம், இந்தாண்ட எவ்ளோ வேணா வெட்டிக்கோங்க. கீழண்ட பக்கம் கை வெக்காதீங்க. அங்க களி ஒரு சாண்தான் கீது. அதுக்கு அடியில ஒரே உப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஏரி காஞ்சி கெடந்தப்போ மாட்டுக்குத் தண்ணி வேணும்னு நாங்களே பள்ளம் எடுத்தோம். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிச்சி."

மாட்டின் வாக்குமூலத்தை எந்தப் படிவத்தில் ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'விவசாயியின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் துறையில் 'பரிசீலிக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு இரண்டே வாரத்தில் புரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்துக் கிழக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் வந்தது. கொளுத்துகிற வெயிலில், வெடித்துக் கிடக்கிற ஏரித் தரையில், பொக்லைன் தோண்டிய குழியிலிருந்து சலசலவென்று ஊற்று. "ஊத்து வந்துடுச்சி, ஊத்து வந்துடுச்சி" என்று பொக்லைன் ஓட்டுகிறவர் கத்த, ஊரே திரண்டுவிட்டது. ஒப்பந்தக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "மேடம், உங்க கை ராசி" என்றார்.

ஊற்று வந்தால் சும்மா விடுவோமா? மஞ்சள் குங்குமம் வந்தது. தேங்காய் வந்தது. உள்ளூர்த் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்தார். அவருக்குப் பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். குழியோரத்தில் கற்பூரம் கொளுத்தி மூன்று சுற்று சுற்றினார்கள். யாரோ ஒரு செம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு, துளசி போட்டு, தீர்த்தமாகத் தலைவர் கையில் ஊற்றினார்கள்.

தலைவர் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "தேன் மாட்டம் கீதுப்பா" என்றார். அவர் ஏன் அரசியலில் அவ்வளவு சீக்கிரம் முன்னுக்கு வந்தார் என்று எனக்கு அந்த நிமிடம் விளங்கியது.

அடுத்து என் கையில் ஊற்றினார்கள். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. வடித்த சோற்றில் கை நிறைய உப்பு விழுந்த மாதிரி. நான் பொறியாளர், அதிலும் அந்த வேலைக்கே பொறுப்பான பொறியாளர். துப்பிவிட்டு, 'நிறுத்துங்கள், பள்ளத்தை இப்போதே மூடுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு மூடியிருந்தால் ஒரு லாரி களிமண்ணோடு முடிந்திருக்கும். நாலு செல்போன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தலைவர் தேன் என்று சொல்லிவிட்டார். நான் விழுங்கிவிட்டு, தலையில் கையைத் தடவிக்கொண்டேன்.

கூட்டத்தின் ஓரத்தில் கோவிந்தம்மா நின்றிருந்தார். அவர் தீர்த்தம் வாங்க வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் விழுங்கியதும் திரும்பிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அந்த வருடம் ஏரி நிறைந்தது என்றுதான் அறிக்கை போனது. உண்மையில் பாதிதான் நிறைந்தது, அதிலும் பாதி அடியிலிருந்து வந்தது. மேலே இருந்து வர வேண்டிய மழைத் தண்ணீர் கால்வாய் இல்லாமல் தொழிற்பேட்டைச் சாக்கடையில் ஓடியது. கோவிந்தம்மாவின் நாற்று நுனி கருகிப்போய் நின்றது. வரப்பு ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஏரியிலிருந்த கெளுத்தியும் விராலும் செத்து மிதந்தன. வாத்துகள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு இறங்காமலே போய்விட்டன, அவற்றுக்குப் பரிசீலிக்கிற வழக்கம் இல்லை. ஒப்பந்தக்காரர் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டுதல் என்று போனவர், ஆறு மாதம் ஆளைக் காணோம்.

தை மாதம் கோவிந்தம்மாவின் வயலுக்குப் போனேன். அறுக்க ஒன்றும் இல்லாததால் மாட்டை விட்டு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் வித்துட்லாம்ன்றான் மேடம். கண்டெய்னர் நிறுத்த எடம் கேட்டுக்கினு ஒரு புரோக்கரு தெனமும் ஊட்டாண்ட வந்து குந்திக்கினு கீறான். ஒரே பேஜாரு. இன்னும் ஒரு பட்டம் பாப்பேன். அதுவும் உப்பாப் போச்சின்னா குடுத்துடுவேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் விற்றால் பக்கத்து வயல்காரர்களும் விற்பார்கள், ஏரிக்குக் கீழே நெல் இல்லை என்றால் ஏரி எதற்கு என்று அடுத்த வருடமே ஒருவர் மனுக் கொடுப்பார். எனக்கு ஒரு பட்டம், அதாவது அடுத்த விதைப்புப் பருவம் வரை, அவகாசம் இருந்தது.

பள்ளத்தை மூட வேண்டும். இதில்தான் நம் அரசாங்கத்தின் மகிமை தெரியும். ஏரியை வெட்ட எத்தனையோ திட்டம் உண்டு, வெட்டியதை மூட ஒரு திட்டமும் கிடையாது. அந்தப் பள்ளம் காகிதத்தில் பள்ளமே இல்லை, 'கூடுதல் கொள்ளளவு'. அதை மூட வேண்டுமென்றால், வெட்டியது தவறு என்று யாராவது எழுத வேண்டும். தவறு என்று எழுதினால், யார் தவறு என்று கேட்பார்கள். அதற்குப் பெயர் 17பி குறிப்பாணை, ஒழுங்கு நடவடிக்கையின் முதல் காகிதம். உங்களுக்கு இன்னும் வரவில்லையா? பொறுங்கள், சர்வீஸ் நிறைய மிச்சம் இருக்கிறது.

'கிழக்குப் பகுதியில் சோதனைக் குழி எடுக்கப்படவில்லை. வரைபடத்தில் காட்டியது சரியல்ல. பொறுப்பு என்னுடையது.' இந்த மூன்று வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. எழுதி அனுப்பிய பிறகு கிராம சபையில் எழுந்து அதையே சொன்னேன். தீர்த்தம் உப்பு என்று குடிக்கும்போதே தெரியும் என்பதையும் சொன்னேன். தலைவருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு அவசர போன் வந்தது, எழுந்து போய்விட்டார்.

கோவிந்தம்மாதான் ஆரம்பித்தார். "உப்புன்னு ஊருக்கே தெரியும் மேடம். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம். செரி, இப்போ இன்னா பண்லாம்றீங்க?"

எனக்கு 17பி வந்தது, கூடவே பள்ளத்தை மூட அனுமதியும் வந்தது. அதற்கப்புறம் வேலை ஓடியது. காய்ந்த ஏரியில் பள்ளத்தைக் களிமண் போட்டு, அடுக்கு அடுக்காக ரோலர் விட்டு மூடினோம். நிறுத்தாமல் மேலே போனோம், ஏரிக்குத் தண்ணீர் தர வேண்டிய கொல்லைகளுக்கு. சீமைக் கருவேலத்தைப் பிடுங்கி, வரப்புகளை உயர்த்தி, விழுகிற மழை அங்கேயே நின்று மெதுவாக இறங்குகிற மாதிரி செய்தோம். கால்வாயைத் தேடினோம். தேடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். காகிதத்தில் இரண்டு மாட்டு வண்டி அகலம், நிலத்தில் ஒரு ஆள் தாண்டுகிற அகலம். ஒரு கம்பெனி கால்வாய்க்குக் குறுக்கே சுவர் எழுப்பியிருந்தது. தண்ணீர் போக ஒரு குழாய் வைத்திருக்கிறோமே என்று பெருமையாகக் காட்டினார்கள். அந்தக் குழாயில் ஒரு குடம் நுழையாது. சுவரை இடிக்கச் சொன்னதற்கு, 'தலைமையகத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்றார்கள். எனக்குத் தெரிந்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் சுவரைச் சுற்றிப் புதுக் கால்வாய் எடுத்துப் பழையதோடு சேர்த்தோம்.

மீதிக் கால்வாயைத் தின்றது கம்பெனி இல்லை. கொல்லைக்காரர்கள் ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் சேர்த்துச் சேர்த்து உள்ளே போயிருந்தார்கள். சர்வேயர் சங்கிலி பிடித்துக் கல் நட்டுக்கொண்டே வந்தார். ஒரு கல், செழித்து நின்ற வேர்க்கடலைக்கு நடுவில் விழுந்தது. அது கோவிந்தம்மாவின் கொல்லை.

நான் வேறு பக்கம் பார்த்தேன். சர்வேயர் என்னைப் பார்த்தார். 'அம்மா நமக்கு வேண்டியவங்க, கல்லைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா' என்று அவர் கேட்கவில்லை, கண்ணிலேயே கேட்டார். தள்ளிப் போட்டிருந்தால் மற்ற முப்பது பேரும் சொந்தமாக ஆளுக்கொரு சர்வேயரைக் கூட்டி வந்திருப்பார்கள்.

கோவிந்தம்மா கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க ஏரிய கெடுத்தீங்க, நான் கால்வாய கெடுத்துக்கீறேன். இதுல யாரு யார திட்றது மேடம்?" என்றார். குனிந்து, இன்னும் முற்றாத கடலைச் செடியை அவரே பிடுங்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலத்துக்குள் அடுத்த நாலு கொல்லைக்காரர்கள் தாங்களாகவே வரப்பை வெட்டி உள்ளே வைத்தார்கள். மிச்சம் பேர் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள், அதுவும் வைத்த கணக்குதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நல்ல மழை. புதுக் கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு வந்ததை நான் ஜீப்பை விட்டு இறங்கி, சேற்றில் நின்று பார்த்தேன். பருத்திப் புடவைதான். ஏரி நிறைந்தது. கோவிந்தம்மா நஞ்சையில் நாற்றங்கால் தயார் செய்து, முளை கட்டிய விதையை விட்டார். 'இன்னும் ஒரு பட்டம்' என்று அவர் சொன்ன பட்டம் அதுதான்.

விதை விட்ட நாலாம் நாள் புயல் சின்னம் வந்தது. மூன்று நாள் விடாத மழை. ஏரி நிரம்பிக் கோடி போய், உபரித் தண்ணீர் கீழே ஓடையில் பாய்ந்தது. அந்த ஓடை கழியில் சேர்கிற இடத்தில் ஒரு ஷட்டர் உண்டு. உள்ளே தண்ணீர் கூடினால் திறந்து கழிக்கு விடலாம். கழியில் கடல் ஏற்றம் வந்தால் மூடி, உப்பை வெளியே நிறுத்தலாம். காலை பத்து மணிக்கு நான் அங்கே போனபோது ஷட்டர் மூடியிருந்தது. ஓடை வழிந்து வயல்களில் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்வயல்காரர்கள் இருபது பேர் குடையும் கோணியுமாக நின்றிருந்தார்கள்.

ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் பெயர் தானியேல். முப்பத்தைந்து வயதுக்காரர். அவர் அண்ணன் தம்பிகள் எல்லாம் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார்கள், இவர் மட்டும் இந்த இரும்புச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அவரிடம் நிலவரம் கேட்டேன்.

"இப்போ தொறந்தா ஒரு மணி நேரம் தண்ணி வெளிய போவும் மேடம். வயல்லாம் வடியும். அந்த ஒரு மணி நேரம் முடிஞ்சதும் கழியில ஏத்தம் வந்துடும். வர்ற வேகத்துல ஷட்டர திரும்ப எறக்க முடியாது, துரு புடிச்சி நடுவுல நின்னுக்கும். அப்பால உப்பு நேரா உள்ள வந்துடும், ஏரிக்கரை வரிக்கும்."

"திறக்காவிட்டால்?"

"சாயங்காலம் எறக்கம் வரும். அப்போ தொறந்தா பயமில்ல. ஆனா அது வரிக்கும் வயல்ல தண்ணி நிக்கும்."

அப்போது போன் அடித்தது. மேலதிகாரி. "என்னம்மா பண்ணிட்டிருக்கீங்க? கம்பெனி முற்றத்துல முழங்கால் தண்ணி, கார் எல்லாம் மிதக்குது. பெரிய இடத்துலேருந்து என் உயிரை எடுக்கிறாங்க. ஷட்டரைத் திறங்க."

அந்தக் கம்பெனிக்கும் எங்கள் ஷட்டருக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர். அங்கே தண்ணீர் நின்றது, அவர்களே கட்டிய சுவரால். நாங்கள் ஷட்டரைத் திறந்தாலும் மூடினாலும் அந்தக் கார்கள் மிதக்கத்தான் செய்யும். இதை எல்லாம் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். "விளக்கம் வேண்டாம், திறந்துட்டுப் போன் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

என் முன்னால் இருபது பேர். பாதிப் பேர் 'திறங்க' என்று கத்தினார்கள். அவர்கள் வயல் மூழ்குகிறது, அவர்கள் கத்தாமல் யார் கத்துவார்கள்? மேலே 17பி நிலுவையில் இருக்கிறது. இன்னொரு தடவை உத்தரவை மீறினால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள் என்று மனசுக்குள் ஓடியது. ஒரு மணி நேரம் திறந்து பார்ப்போமே, ஒருவேளை ஷட்டர் இறங்கலாம், ஏற்றம் கொஞ்சம் தாமதமாக வரலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நல்ல சமாதானங்கள். படித்தவர்களுக்கு இவை சுலபமாக வரும். தானியேலைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோவிந்தம்மா முன்னால் வந்தார். என்னிடம் பேசவில்லை.

"தானியேலு, தொறந்தா உப்பு வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு."

"வரும்கா."

"அப்போ தொறக்காத."

பின்னாலிருந்து ஒருவர், "யக்கா, மொதல்ல மூழ்கறது உன் நாத்தங்காலுதான். தெரியுதா? நாலு நாள் மொளை, அடிச்சிக்கினு பூடும்" என்றார்.

"தெரியுது. வெதைய மறுபடி வுட்டுக்கலாம். உப்பு பூந்துச்சின்னா நெலத்த வித்துட்டு அந்தக் கண்டெய்னருக்கு வாச்மேன் வேலைக்கிதான் போவணும். எல்லாருக்கும்தான் சொல்றேன்."

கத்தியவர்கள் அடங்கிவிட்டார்கள். முதலில் இழக்கிற ஆளே வேண்டாம் என்கிறபோது வேறு யார் என்ன சொல்வது? நான் தூக்கிய கையை இறக்கி, போனை எடுத்தேன். "சார், ஏற்ற நேரத்துல ஷட்டரைத் திறக்கச் சொல்லி ஒரு வரி எழுத்துல அனுப்புங்க, உடனே திறந்துடறேன்" என்றேன். "சிக்னல் சரியில்லைம்மா" என்று வைத்தார். அந்த வரி இன்று வரை வரவில்லை. நீங்கள் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரே தொழில்நுட்பம் இது. வாய்மொழி உத்தரவு எவ்வளவு பெரியதானாலும் காகிதம் கேட்டால் கரைந்துவிடும்.

நாங்கள் அங்கேயே நின்றோம். யாரோ வீட்டிலிருந்து நாஷ்டா கொண்டு வந்தார்கள், நின்றுகொண்டே சாப்பிட்டோம். தானியேல் ஷட்டருக்கு அந்தப் பக்கம் மிதந்த ஆகாயத்தாமரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நம்மை நோக்கி வந்தால் ஏற்றம். மதியத்துக்கு மேல் ஒரு இடத்தில் நின்றது. அப்புறம் மெதுவாகக் கிழக்கே திரும்பியது. நாலு மணிக்குச் சக்கரத்தைச் சுற்றினார், நாங்கள் நாலைந்து பேர் கூடப் பிடித்தோம். ஷட்டர் முனகிக்கொண்டே ஏறியது. தண்ணீர் கழிக்குப் போனது.

கோவிந்தம்மாவின் நாற்றங்காலில் அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. வழவழவென்று சேறு மட்டும் இருந்தது. அவர் ஓரமாகக் குந்தி, கையால் துழாவிப் பார்த்துவிட்டு எழுந்தார். அழுதார். நானும் அங்கேதான் நின்றேன். மேட்டு வயல்காரர்கள் மூன்று பேர் தங்கள் நடவு போக மிச்சமிருந்த நாற்றைக் கொடுத்தார்கள். பட்டம் தப்பி, இருபது நாள் தாமதமாக நட்டார்.

என் 17பி-க்கு முடிவு வந்தது, ஒரு ஊதிய உயர்வு நிறுத்தம். அதே மாதம் புயல் நேரத்தில் பணியாற்றியவர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. 'நெருக்கடியில் உறுதியான முடிவெடுத்தமைக்காக' என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொடுத்தவர், சிக்னல் சரியில்லாத அதே மேலதிகாரி. நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

மாசியில் கோவிந்தம்மாவின் களத்துக்குப் போனேன். வழக்கத்தில் பாதி விளைச்சல்தான். ஆனால் நெல். ஏரியில் வாத்துகள் முப்பது நாற்பது இறங்கியிருந்தன. புரோக்கர் இப்போது வேறொருவர் வீட்டு வாசலில் குந்துகிறாராம்.

சான்றிதழ் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. முறத்தில் நெல்லைத் தூற்றிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி நான் குறுக்க வரலன்னா, தொறந்துதானே இருப்பீங்க மேடம்?"

"ஆமாம். திறந்திருப்பேன்" என்றேன்.

"கை தூக்கினீங்களே, பாத்துக்கினுதான் இருந்தேன். அதான் வந்தேன்" என்றார். முறத்தைக் கீழே வைத்தார். "நின்னுக்கினே இருந்தா எப்படி? இப்படி வாங்க, இந்தக் கோணி வாயப் புடிங்க."

நான் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அவர் நெல்லைக் கொட்டினார்.